கோணித்துணி வைத்தியம்

மரக்காணம் உப்பளத்தில் ஒரு டீசல் இன்ஜின் கிளம்பவில்லை என்றால் முதலில் கெட்ட வார்த்தை வரும், அடுத்து சாமி பேர் வரும், அதற்கும் மசியவில்லை என்றால் அமராவதி வருவாள். மூன்றில் எது வேலைக்கு ஆனது என்று அங்கே யாரைக் கேட்டாலும் தயங்காமல் மூன்றாவதைத்தான் கைகாட்டுவார்கள். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் செருகிய இரண்டு ஸ்பேனர். வயது நாற்பத்து நான்கு. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இன்ஜினைப் பற்றி ஓர் எழுத்துகூடப் படித்ததில்லை.

ஆனால் படித்த மெக்கானிக்குகள் செய்கிற ஒரு காரியத்தை அவள் செய்யமாட்டாள். வந்ததும் வராததுமாக ஸ்பேனரை எடுக்கமாட்டாள். முதலில் கேள்விதான்.

“தானா நின்னுச்சா, நீ நிறுத்துனியா?”

“நிக்கறதுக்கு முன்னாடி பொகை வந்துச்சா? கறுப்பா, வெள்ளையா?”

“காலையில ஒரே சுத்துல புடிச்சிச்சா?”

பதில் சொல்கிறவன் கொஞ்சம் மென்று முழுங்கினால், “நீ நெஜத்த சொன்னாதானப்பா நான் வியாதிய சொல்ல முடியும்” என்பாள். விக்கி விக்கித் தானாக நின்றிருந்தால் டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கும், இல்லாவிட்டால் ஃபில்டர் அடைத்திருக்கும். இரண்டும் இல்லை என்றால்தான் பம்பு பக்கம் திரும்புவாள்.

டீசல் பம்பு பார்வைக்கு ஒன்றுமில்லை. இன்ஜினின் விலாவில் உட்கார்ந்திருக்கும் கைக்கு அடக்கமான ஓர் இரும்புச் சாமான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொட்டு டீசலை இடித்து, சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற நாசிலுக்கு அனுப்புவது அதன் வேலை. அமராவதி சக்கரத்தைக் கையாலேயே மெதுவாகச் சுற்றச் சொல்லி, நாசில் பக்கம் காதை வைப்பாள். பம்பு நன்றாக இருந்தால் ‘கர்க்’ என்று முறுக்கு கடிக்கிற சத்தம் வரும். சோர்ந்துபோன பம்பு என்றால் அந்தச் சத்தம் ஊறிப்போன முறுக்காக இருக்கும். பிறகு பம்பிலிருந்து போகிற மெல்லிய பிரஷர் பைப்பின் மேல் கட்டை விரலை வைப்பாள். உள்ளே டீசல் இடிப்பது விரலில் தெரியும். “டாக்டரம்மா நாடி புடிக்கிறாங்கப்பா, யாரும் பேசாதீங்க” என்று பக்கத்து இன்ஜின் கொட்டகை ஜான்சன் கிண்டல் பண்ணுவான். அவள் விரலை எடுக்காமலே, “நீ மொதல்ல பீடிய அணைடா” என்பாள்.

இந்த வேலை அவளுக்கு ஒன்றும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கப்பட்டதில்லை. பதினேழு வயதில் கூடை தூக்க வந்தவள். பாத்தியில் வாரிப்போட்ட ஈர உப்பைக் கூடையில் அள்ளி, தலையில் ஏற்றி, வரப்பேறி, அம்பாரத்தில் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். விடிவதற்கு முன்னே தொடங்கினால் வெயில் ஏறுகிறவரை அதேதான். இருபத்துநான்கு வருஷம் அப்படிச் சுமந்தாள். அதில் கழுத்தெலும்பு தேய்ந்து, இடது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனிமேல் தலையில் ஒரு சொம்புத் தண்ணீர்கூட வைக்கக் கூடாது என்றார். உப்பளத்தில் தலையில் வைக்காமல் பெண்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்று அவரிடம் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து, கொட்டகையில் இன்ஜின் ஓட்டிக்கொண்டிருந்த செல்லப்பன் சென்னையில் செக்யூரிட்டி வேலை கிடைத்துப் போய்விட்டான். அவன் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் இன்ஜினைப் பார்த்துக்கொண்டது அமராவதிதான். பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்த பிரபாகரனுக்கு அவசரம். வாய்க்காலிலிருந்து தண்ணீர் இறைத்துப் பாத்திக்கு விடாவிட்டால் உப்பு தரையோடு ஒட்டிக்கொள்ளும். இன்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டிலை அமராவதி கையில் கொடுத்து, “ஆள் கெடைக்கிற வரைக்கும் நீ பாத்துக்க” என்றார். மூன்று வருஷம் ஆகிவிட்டது. அவர் ஆள் தேடுவதை எப்போதோ விட்டுவிட்டார். ஆனால் ‘இது உன் வேலை’ என்று ஒரு நாளும் வாய்திறந்து சொன்னதில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் ஹேண்டிலைத் துடைத்து ஆணியில் மாட்டும்போது, நாளைக்கும் இது நம் கையில்தான் இருக்குமா என்று ஒரு கணம் நினைத்துக்கொள்வாள்.

அந்த மூன்றாவது வருஷம் கோடை கொஞ்சம் முன்னாடியே வந்துவிட்டது. மார்ச் கடைசியில் இன்ஜின் ஒரு புது நோவு காட்டியது. காலையில் ஒரே சுற்றில் பிடிக்கும். பத்து மணிக்கு நிறுத்திவிட்டு டீ குடித்து வந்து ஹேண்டில் போட்டால் தோள் கழன்றாலும் பிடிக்காது. ஒரு மணி நேரம் ஆறப்போட்டால் திரும்பப் பிடிக்கும். ஒரு நாள் ஹபீப் முஹம்மது அந்த வழியாக வண்டியில் போனார். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பம்பு சர்வீஸ் கடை வைத்திருக்கிறவர், சுற்றுவட்டாரத்துக்கே டீசல் பம்பு என்றால் அவர்தான். அமராவதி கையைக் காட்டி நிறுத்தினாள்.

அவர் இறங்கி வந்து, ஒரு கந்தல் துணியைப் பம்பின் மேல் சுற்றி, தன் பாட்டிலிலிருந்து தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். இரண்டு நிமிஷம் கழித்து, “இப்ப போடும்மா” என்றார். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது.

“உள்ள எலிமென்ட் தேஞ்சு போச்சும்மா. சூடு ஏறுனா டீசல் எளகிப்போயி சந்து வழியா கசியுது. குளுந்தா கெட்டியாவுது, தள்ளுது. மழைக்கு முன்னாடி கழட்டிக்கினு வா, மாத்திடலாம்.”

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பம்பின் வியாதி என்ன என்று அவர் காட்டிக் கொடுத்ததில் அமராவதிக்கு மறுநாள் வேண்டியதாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். துணி சுற்றித் தண்ணீர் ஊற்றினால் இன்ஜின் பிடிக்கிறது. இனி டீ நேரத்துக்குப் பிறகு தோள் வலிக்க வேண்டியதில்லை.

தண்ணீருக்கு எங்கே போவது? உப்பளத்தில் குடிதண்ணீர் என்பது வீட்டிலிருந்து கொண்டுவருகிற ஒரு பாட்டில். அது காலையிலிருந்து மதியம் வரை தொண்டைக்கு. சாப்பிட்டுக் கை கழுவக்கூட அங்கே வாய்க்கால் தண்ணீர்தான். அந்த நல்ல தண்ணீரை இரும்புக்கு ஊற்றினால் கூட இருக்கிறவர்கள் அடிக்க வருவார்கள். காலடியிலோ வாய்க்கால் நிறையத் தண்ணீர். அமராவதி ஒரு கோணிச்சாக்கைக் கிழித்து, வாய்க்காலில் முக்கி, பம்பின் மேல் போட்டாள். பிடித்துக்கொண்டது. பிடிக்காமல் என்ன?

வெற்றி கண்டவள் சும்மா இருப்பாளா? பக்கத்துக் கொட்டகைகளில் இருந்ததும் இதே பழைய இன்ஜின்கள்தான், இதே தேய்ந்த பம்புகள்தான். ஜான்சன் கேட்டான், சொன்னாள். அவனைப் பார்த்து அடுத்தவன் கேட்டான், அவனுக்கும் சொன்னாள். ஏப்ரல் முடிவதற்குள் ஆறு கொட்டகையிலும் பம்புக்குப் பக்கத்தில் ஒரு கோணித்துணி ஈரமாகத் தொங்கியது. “அமராவதிக்கா வைத்தியம்” என்று அதற்குப் பேரே விழுந்துவிட்டது. அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். இருக்காதா பின்னே?

மே மாதம் பாதியில் ஜான்சனின் இன்ஜின் வெறிபிடித்து ஓடியது. சும்மா ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் திடீரென்று வேகமெடுத்து, கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு, கட்டை போட்ட அடித்தளமே ஆடும்படி அலறியது. பெல்ட் பிய்ந்து கூரையில் அடித்தது. ஜான்சன் வெளியே குதித்து வரப்பில் நின்று கத்திக்கொண்டிருந்தான். அமராவதி ஓடிப்போய், குனிந்து உள்ளே நுழைந்து, இன்ஜின் தலையில் இருக்கும் லீவரைத் தூக்கிப் பிடித்தாள். அழுத்தம் விட்டுப்போய் இன்ஜின் பெருமூச்சு விட்டு நின்றது.

அடுத்த பத்து நாளில் இன்னும் இரண்டு கொட்டகையில் பம்பு இறுகிக்கொண்டது. ஒன்று ஓடவே இல்லை, இன்னொன்று வேகம் ஏறி ஏறி இறங்கி உயிரை வாங்கியது. குத்தகைக்காரர்கள் எல்லோரும் ஜான்சன் கொட்டகை முன்னால் கூடினார்கள். ஆறு கொட்டகைக்கும் டீசல் கொண்டுவருவது ஷஃபி. கூனிமேட்டுக்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும், சவூதியிலிருந்து திரும்பி வந்து ஒரு லோடு ஆட்டோ வாங்கி ஓட்டுகிறவன். பங்க்கில் கேனில் பிடித்துக் காலையில் கொட்டகை கொட்டகையாக இறக்குவான். ஒரே டீசல், ஒரே மாதிரி வியாதி. எல்லோர் பார்வையும் அவன்மேல் திரும்பியது.

“அமராவதி பாத்து சொல்லட்டும். அவ சொன்னா சரி” என்றார் பிரபாகரன்.

அமராவதி பார்த்தாள். பம்பின் பக்கவாட்டில், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற, பல் வைத்த ஒரு சின்னக் கம்பி உண்டு. அது விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஜான்சன் பம்பில் அது ஸ்பேனரால் தட்டியும் அசையவில்லை. சந்தில் செக்கச்செவேலென்று துரு.

“தண்ணி புகுந்திருக்குது. டீசல்ல தண்ணி கலந்திருக்குது” என்றாள்.

ஷஃபி முகம் சுருங்கிப்போனது. “அக்கா, பங்க்ல புடிச்சத அப்படியே கொண்டாறேன். அல்லா மேல ஆணையா ஒரு சொட்டு கலக்கல. இன்னொரு வாட்டி நல்லா பாத்து சொல்லுங்க.”

“துரு பொய் சொல்லாது பாய்” என்றாள் அமராவதி.

அந்த ஒரு பேச்சோடு ஆறு கொட்டகையும் ஷஃபியை நிறுத்தின. போகிறபோது அவன் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் டீசலை நிரப்பி அவள் கொட்டகைக் கட்டையில் வைத்துவிட்டுப் போனான். “நீங்களே வெச்சுப் பாருங்க” என்றான்.

டீசலில் தண்ணீர் இருந்தால் ஆடாமல் வைத்த பாட்டிலில் அது அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். முதல் நாள் பார்த்தாள், கோடு இல்லை. இரண்டாம் நாள் இல்லை. மூன்றாம் நாளும் பாட்டில் மேலிருந்து கீழ்வரை தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. இது மட்டும் நல்ல டீசலாகப் பார்த்துக் கொடுத்திருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தன் இன்ஜினின் ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றினாள். அதில் பழைய டீசல் இருந்தது. அதிலும் தண்ணீர் இல்லை. அன்றைக்கு அவளுக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் அவளுடைய பம்பே இறுகிக்கொண்டது. பிரபாகரன் அதைக் கழற்றச் சொல்லி, ஹபீப் கடைக்கு அவளையே அனுப்பினார். கட்டைப்பையில் பம்பை வைத்து மடியில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போனாள்.

ஹபீப் முஹம்மது பம்பை மேஜையில் பொருத்திய வைஸில் இறுக்கி ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் வைத்தார். எலிமென்ட் என்று அவர் சொன்ன, பென்சில் தடிமன் உருக்குக் கம்பியை வெளிச்சத்தில் காட்டினார். தேய்ந்த கோடு இருந்தது, துரு இல்லை. டீசல் போகிற வால்வு கண்ணாடியாக மின்னியது.

“உள்ள சுத்தமா இருக்குதே” என்றாள் அமராவதி.

“உள்ளதான் டீசல் போவுது. டீசல்ல தண்ணி இருந்தா மொதல்ல இதுதான் போயிருக்கணும். உன் துரு எல்லாம் வெளிப்பக்கம் இருக்குது பாரு.” பல் வைத்த கம்பியைச் சுத்தியலால் தட்டி உருவி எடுத்துத் தட்டில் போட்டார். “கடல் காத்துல வர்ற துருவா இருக்கும்.”

பல்லுக்குப் பல் நடுவே வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. அமராவதி அதை நகத்தால் கிளறி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு நாக்கில் வைத்தாள்.

“ஏம்மா, கிரீஸ் அது!”

அவள் காதில் அது விழவில்லை. பாத்தித் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்தே உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று சொல்கிறவள் அவள். மீட்டர் போட்டுப் பார்த்தால் ஒன்று முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். நாக்கில் பட்டது உப்பு. உப்பளத்தில் எதன்மேலும் உப்பு படிந்திருக்கும், அதைக் கண்டு யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அவளும் இத்தனை நாள் பட்டதில்லை. ஆனால் கடல் காற்று கொண்டுவருகிற உப்பு மாவாக ஒட்டும். இது மாவு இல்லை. கல். நாலு பக்கமும் முனை வைத்த, பல்லில் நறுக்கென்று கடிபடுகிற கல். தண்ணீர் தேங்கி நின்று, வெயிலில் காய்ந்து, திரும்பத் தேங்கி, திரும்பக் காய்ந்தால்தான் உப்பு கல்லாகும். அதற்காகத்தானே மரக்காணத்தில் அத்தனை ஏக்கர் பாத்தி கட்டி வைத்திருக்கிறார்கள். பம்பின் சந்துக்குள் அவள் ஒரு பாத்தி கட்டியிருந்தாள்.

“பாய், இது காத்துல வந்தது இல்ல. நான் ஊத்துனது.”

கோணித்துணிக் கதையை அவள் சொல்லி முடித்தபோது ஹபீப் சிரித்துவிட்டார். “அது வியாதி இன்னான்னு பாக்கறதுக்கு ஒரு வாட்டி ஊத்தறதும்மா. காய்ச்சல் பாக்கற தெர்மாமீட்டர மாத்திரைன்னு முழுங்கிட்டியே! அதுவும் உப்புத் தண்ணியில!” பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “வுடும்மா. கடல் காத்துன்னு சொல்லு. நானும் அதேதான் சொல்லப்போறேன். யாரு வந்து நக்கிப் பாக்கப்போறா?”

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு ஆபத்தாக இருந்தது. கடல் காற்று என்று சொன்னால் யார் தலையும் உருளாது. ஆனால் ஷஃபியின் தலை ஏற்கெனவே உருண்டாகிவிட்டதே. அதை உருட்டியது அவள் வாய்.

மறுநாள் காலையில் கூழ் ஊற்றும்போது கணவனிடம் சொன்னாள். அய்யனார் இறால் குஞ்சுப் பண்ணையில் வாட்ச்மேன். அதிகம் பேசாதவன். அன்றைக்குப் பேசினான்.

“சொன்னா என்னா ஆவும்?”

“ஹேண்டில புடுங்கிடுவாரு.”

“அப்புறம்?”

“திரும்பக் கூடைதான்.”

“அப்ப சொல்லாத. ஷஃபிக்கு வண்டி இருக்குது, கூனிமேட்டுல மீன் ஏத்துனாலும் பொழச்சிக்குவான். உனக்கு வேற கழுத்து இருக்குதா?” குரல் உயர்ந்துவிட்டதை உணர்ந்து, கிண்ணத்தைக் கீழே வைத்தான். “ராவுல கை மரத்துப்போச்சுன்னு நீ எழுந்து குந்திக்கினு அழுதத நான்தான பாத்தேன்.”

அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஷஃபியின் லோடு ஆட்டோ எதிரே போனது. பின்னால் காலிக் கேன்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. அவன் அவளைப் பார்த்தான். ஹாரன் அடிக்கவில்லை. பார்க்காத மாதிரி போயிருந்தால்கூட அவளுக்குத் தாங்கியிருக்கும்.

அன்று பத்து மணி டீக்கு ஜான்சன் கொட்டகை நிழலில் ஆறு கொட்டகை ஆட்களும் இருந்தார்கள். பிரபாகரனும் இருந்தார். அமராவதி டீ கிளாஸை வாங்கவில்லை.

“டீசல்ல தண்ணி இல்ல. நான் சொன்னது தப்பு. வாய்க்கா தண்ணியில துணி நனைச்சுப் போட்டோம் பாருங்க, அதுல உப்பு உள்ள போயி கல்லாயி நின்னுக்கிச்சு. பம்பு எல்லாம் போனதுக்கு நான்தான் காரணம். ஷஃபி பாய் டீசல் நல்ல டீசல்.”

முதலில் ஜான்சன்தான் வெடித்தான். “உன்ன நம்பிதானக்கா ஊத்துனோம்! அன்னிக்கி பெல்ட்டு என் மூஞ்சில அடிச்சிருந்தா?”

“தெரியும்பா.”

“தெரியும்னா?”

பிரபாகரன் எழுந்தார். சத்தம் போடுகிற மனிதர் இல்லை அவர். நேரே அவள் கொட்டகைக்குப் போய், ஆணியிலிருந்த ஹேண்டிலை எடுத்துக்கொண்டு வந்தார். “நாளையில இருந்து அனுமந்தையில இருந்து ஒரு ஆள் வர்றான். நீ பாத்திக்குப் போ” என்றார். மூன்று வருஷமாகக் கிடைக்காத ஆள் ஒரே நாளில் கிடைத்துவிட்டான்.

எட்டு நாள் கூடை சுமந்தாள். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் இடது கையின் இரண்டு விரல் மரத்துப்போனது. ஐந்தாம் நாள் தலையைத் திருப்ப முடியாமல், யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்பினாள். கூடவே கூடை தூக்குகிற சாலம்மாள் அவளுக்கு மட்டும் முக்கால் கூடை அள்ளிவிட்டாள். அதை மேஸ்திரி பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். அனுமந்தை ஆள் நல்ல வேலைக்காரன், படகு இன்ஜின் ஓட்டிப் பழகியவன். வரப்பில் நடக்கும்போது அமராவதி காது இன்ஜின் பக்கமே இருக்கும். சத்தம் சீராக இருந்தது. புது எலிமென்ட் போட்ட பம்பு சீராகத்தானே ஓடும். கெட்டுப்போகக் கூடாதா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள்.

குத்தகைக்காரர்கள் திரும்பக் கூப்பிட்டும் ஷஃபி உடனே வந்துவிடவில்லை. யார் போன் செய்தாலும் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் பிரபாகரனே கூனிமேட்டுக்குப் போய் அவன் வீட்டு வாசலில் நின்றாராம். ஒன்பதாம் நாள் காலை, நிறைந்த கேன்களோடு லோடு ஆட்டோ வரப்பில் வந்து நின்றது. டீக்கு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். அமராவதி தலையில் கூடையோடு அம்பாரத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். கடந்து போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

“ஷஃபி, மனசுல வெச்சுக்காதப்பா” என்றார் பிரபாகரன். “உன் பேர கெடுத்தவள இன்ஜின்ல இருந்து எடுத்துட்டேன்.”

ஷஃபி கேனை இறக்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். “எடுத்துட்டீங்களா? எதுக்கு?”

“எதுக்குன்னா?”

“என் டீசல் கெட்டதுன்னு சொன்னது அவங்க மட்டுமா? நீங்க ஆறு பேரும்தான் சொன்னீங்க. பங்க்ல போயி சொன்னீங்க, எங்க ஊர் கடைத்தெருவுல சொன்னீங்க. நல்லதுன்னு திரும்பி வந்து சொன்னது இன்னிக்கி வரைக்கும் அவங்க ஒருத்தர்தான்.” அவன் அமராவதி பக்கம் பார்க்கவே இல்லை. “எனக்கு அவங்க மேல கோவம் இல்லன்னு சொல்லல. நெறைய இருக்குது. ஆனா நாளைக்கி இன்னொரு பம்பு நிக்கும்ல? அன்னிக்கி என்மேல பழி போடறதுக்கு முன்னாடி நக்கிப் பாக்க ஒரு ஆளு வேணும். அவங்க அந்தக் கொட்டகையில இருந்தா டீசல் எறக்கறேன். இல்லன்னா மீன் ஏத்தப் போறேன்.”

நக்கிப் பார்த்த கதை அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க வேண்டாம். ஹபீப் முஹம்மதுவும் கூனிமேடுதான்.

பிரபாகரன் மீசையைத் தடவினார். அனுமந்தை ஆளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “சரி, இவன் படகுக்காரன், கடலுக்குப் போற ஆளு, இங்க எத்தினி நாளைக்கி இருப்பான்” என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். பிறகு, “ஏம்மா, எம்மா நேரம் நிப்ப? கூடைய எறக்கு. இனிமே இன்ஜின் உன்னுதுதான்” என்றார்.

தலைமேல் இருக்கிற கூடையை நடுவழியில் தனியாக இறக்க முடியாது, ஒரு பக்கம் இன்னொருவர் பிடிக்க வேண்டும். ஜான்சன் வந்து பிடித்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பிடித்தான், ஆனால் பிடித்தான்.

கொட்டகையில் ஷஃபி டீசலை டேங்கில் ஊற்றினான். புனலின் மேல் வடிகட்டுகிற துணியை அமராவதி இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்ததைத் துடைக்கக் கை இல்லை.

“தெரியாத்தனமா சொல்லிட்டேன் பாய்” என்றாள். “துரு பொய் சொல்லாதுன்னேன்.”

ஷஃபி கேனைச் சாய்த்தபடியே சொன்னான். “துரு பொய் சொல்லலக்கா. நீங்கதான் அது சொன்னத முழுசா கேக்கல.”

கடைசிச் சொட்டு இறங்குகிறவரை அவள் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஷஃபி கேனை மூடிக்கொண்டு அடுத்த கொட்டகைக்குப் போனான். அமராவதி ஆணியில் தொங்கிய கோணித்துணியை எடுத்து வெளியே எறிந்துவிட்டு, பிரஷர் பைப்பில் கட்டை விரலை வைத்து, மெதுவாகச் சக்கரத்தைச் சுற்றினாள். ‘கர்க்’ என்றது. இன்னொரு முறை சுற்றிக் கேட்டாள். அதற்குப் பிறகுதான் ஹேண்டிலை இன்ஜினில் மாட்டினாள்.